மூச்சும் விசிலும்

மூச்சு உள்ளே போகிறது. போகிறது என்று எனக்குத் தெரிகிறது. மூச்சு வெளியே வருகிறது. வருகிறது என்று எனக்குத் தெரிகிறது. இவ்வளவுதான் பயிற்சி, ரொம்ப எளிது என்றார் வகுப்பெடுத்த ஹேமலதா மேடம். எளிதாம். நாற்பத்தெட்டு வருஷமாக என்னைக் கேட்காமல் அது பாட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தது, ஒரு நாள் லீவு போட்டதில்லை. நான் மேற்பார்வை பார்க்க ஆரம்பித்த மூன்றாவது நிமிஷமே நெஞ்சை அடைக்கிறது. "கண்டக்டர், ஆர்ச் ரெண்டு." கொடுத்தாயிற்று. கொடுத்தேன் என்று எனக்குத் தெரிகிறதா? தெரிகிறது. கொடுத்தது யாருக்கு? அது தெரியவில்லை, ஒரு கை நீண்டது, அதில் வைத்தேன். சரி, அடுத்த கையிலிருந்து பார்ப்போம். மணி ஒன்று பதினெட்டு. பஸ் ஸ்டாண்டில் வண்டியை எடுத்து இன்னும் முதல் சிக்னலைக்கூடத் தாண்டவில்லை, அதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. இரண்டு பத்துக்கு டிப்போ ஸ்டாப்பில் டூட்டி மாற்றி இறங்க வேண்டும். மூன்று மணிக்குக் கிளை மேலாளர் அறையில் விசாரணை, என் வண்டிப் படியிலிருந்து ஒரு அம்மா விழுந்ததற்கு. கேள்வி ஒன்றே ஒன்றுதான், அது எல்லோருக்கும் தெரியும், டிப்போ டீக்கடைக்காரருக்கே தெரியும். சோணைமுத்து, அந்த அம்மா முழுசாக இறங்கியதைப் பார்த்த பிறகுதான் விசில் கொடுத்தீர்களா? ஆமாம் என்றால் பிழைத்தேன். இல்லை என்றால் இன்க்ரிமென்ட் போகும், இந்த ரூட் போகும், இடுப்பை உடைத்தவன் என்ற பெயர் மட்டும் நிற்கும். அதெல்லாம்கூடப் பரவாயில்லை. மூன்று மாதமாக மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்கிறேன், எனக்கே பதில் தெரியவில்லை. பார்த்தேனா, பார்க்கவில்லையா? என் கண், என் தலை, என் வேலை, அதில் நடந்தது எனக்குத் தெரியவில்லை என்றால் பிறகு யாருக்குத்தான் தெரியும்?

அதற்குத்தான் அந்த மூன்று நாள் வகுப்பு. விபத்தில் பேர் அடிபட்ட ஆட்களையெல்லாம் பொறுக்கி, இருபத்தெட்டுப் பேரை, டிப்போ மாடியில் தகர ஷீட்டுக்குக் கீழே தரையில் உட்கார வைத்து மனவிழிப்புப் பயிற்சி. மேடம் பஞ்சு மெத்தையில் உட்காருகிற மாதிரி அந்தச் சிமென்ட் தரையில் உட்கார்ந்தார், நல்ல மனுஷி, குறை சொல்லக் கூடாது, யாரையும் மனசுக்குள்கூட அடா புடா என்று கூப்பிட மாட்டார் என்று முகத்திலேயே தெரிந்தது. கையில் ஒரு சின்ன மணி. அதை அடித்தால் கண்ணை மூட வேண்டும், மறுபடி அடித்தால் திறக்க வேண்டும். முதல் மணிக்கே பின்வரிசையில் இரண்டு டிரைவர்கள் குறட்டை, இரண்டாவது மணிக்கு எழவில்லை. பிறகு ஆளுக்கு ஒரே ஒரு உலர்திராட்சை கொடுத்தார். ஒன்று. இதை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பாருங்கள் என்றார். பார்த்தோம். காக்கிச் சட்டை போட்ட இருபத்தெட்டு ஆம்பிளைகள் உள்ளங்கையில் ஒரு திராட்சையை வைத்துக்கொண்டு முறைத்தோம். முகருங்கள் என்றார், முகர்ந்தோம். காதுக்குப் பக்கத்தில் வைத்து உருட்டுங்கள் என்றார், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் உருட்டினேன், ஏதோ சத்தம் வரத்தான் செய்தது. ஐந்து நிமிஷம் கழித்து வாயில் போட்டால் சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு இனிப்பு. அங்கேதான் ஏமாந்தேன். ஆஹா, இதுதான் விஷயம், இந்த மாதிரி எல்லாவற்றையும் பார்த்தால் தப்பே நடக்காது என்று நினைத்துவிட்டேன். ஒரு திராட்சைக்கு ஐந்து நிமிஷம். எண்பது பேர் ஏறுகிற வண்டியில் ஒவ்வொருத்தரையும் காதில் வைத்து உருட்டிப் பார்க்க முடியுமா? "யோவ், மூணாவது தடவ கேக்குறேன், சர்ச் ஸ்டாப் ஒண்ணு!" இந்தாங்க. கேட்டது காதில் விழவில்லை. திராட்சையில் இருந்தேன். கவனமாக இருப்பது எப்படி என்று யோசித்துக்கொண்டு கவனமில்லாமல் இருந்தேன். இதை யாரிடம் போய்ச் சொல்ல?

மூச்சு. மறுபடி மூச்சிலிருந்து ஆரம்பிக்கலாம். மனம் ஓடிப்போனால் திட்டாதீர்கள், குழந்தையைக் கையைப் பிடித்து அழைத்து வருவதுபோல மூச்சுக்குத் திரும்ப அழைத்து வாருங்கள் என்றார் மேடம். வா கண்ணு, வா. உள்ளே இழுக்கிறேன், நன்றாக, அடிவயிறு வரை, டீசல் வாடையும் யாரோ வைத்திருக்கிற கருவாட்டுப் பை வாடையும் சேர்ந்து உள்ளே போகின்றன. போகட்டும். தீர்ப்பு சொல்லக் கூடாது, கருவாடு என்று மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போது மெதுவாக, மிக மெதுவாக, எல்லாவற்றையும் வெளியே விடுகிறேன், தோள் இறங்குகிறது, தாடை தளர்கிறது, ஆகா, பீஈஈஈ என்று ஒரு சத்தம். வண்டி சடாரென்று நின்றது. நின்றுகொண்டிருந்தவர்கள் எல்லாம் ஒருவர்மேல் ஒருவர் போய் விழுந்தார்கள். பாலத்துக்கு நடுவில். எனக்கு ஒன்றும் புரியவில்லை, பிறகு புரிந்தது, வாயில் விசில் இருக்கிறது. இருபத்திரண்டு வருஷமாக வாயில்தான் இருக்கிறது, பல்லில் ஒரு பள்ளமே விழுந்திருக்கிறது, அதை ஒரு தனிப்பொருளாக நான் நினைப்பதே இல்லை. ஒரு விசில் அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் போ. நான் விட்ட நீண்ட மூச்சு ஒரு விசில். முன்னாலிருந்து டிரைவர் தவமணி அண்ணன் கத்துகிறார், "என்னாச்சு சோண? யாரு எறங்குறா?" "யாரும் இல்லண்ணே, நீங்க போங்க." "பின்ன எதுக்குய்யா நிப்பாட்டச் சொன்ன?" என்ன சொல்வது? மூச்சு விட்டேன் அண்ணே என்றா? ஜன்னலோர ஆள் ஒருவர், "பாலத்துக்கு நடுவுல எவன் எறங்குவான், குதிக்கிறதுக்கா?" என்றார். வண்டியே சிரித்தது. பின்னால் வரிசையாக ஹாரன். இரண்டு விசில் கொடுத்தேன், வண்டி நகர்ந்தது. காது சூடாகிவிட்டது. சூடாகிறது என்று தெரிகிறது, நன்றாகத் தெரிகிறது, அதற்கு ஒரு வகுப்பும் தேவையில்லை. மேடத்துக்கு இது தோன்றவே இல்லை பாருங்கள். ஊரில் மற்ற எல்லோரும் மூச்சு விட்டால் மூச்சுதான். நான் விட்டால் பத்து டன் இரும்பு நிற்கும் அல்லது ஓடும்.

விசிலைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். அடுத்த ஸ்டாப் ஆர்ச். நான்கு பேர் இறங்கினார்கள், ஏழு பேர் ஏறினார்கள், நான் படியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பார்க்கிறேன் என்று தெரிந்து பார்க்கிறேன், கடைசிச் செருப்பும் உள்ளே வந்துவிட்டது, அப்புறமும் வண்டி நிற்கிறது. ஏன் நிற்கிறது? "தூங்கிட்டியா?" என்று முன்னாலிருந்து குரல். ஒரு கையில் டிக்கெட் மிஷின், ஒரு கையில் கம்பி, விசில் எந்தக் கையில், மிஷினோடு சேர்த்துப் பிடித்திருக்கிறேன். ஊதினேன். போ. இதுதான் எனக்குப் பிடிபடவில்லை. வாயில் இருந்தால் அது தானாக அடிக்கிறது, கையில் இருந்தால் அடிக்கவே மாட்டேன் என்கிறது. அன்றைக்கு வாயில்தான் இருந்தது. காலை எட்டு நாற்பது நடை, வியாழக்கிழமை, பால்வாடி ஸ்டாப். அது வரைக்கும் தெரியும். வண்டி நின்றது தெரியும். ஒரு ஆள் மாதப் பாஸைக் காட்டாமலே காட்டினேன் என்று சாதித்துக்கொண்டிருந்தது தெரியும். பிறகு என் இரண்டு விசில் கேட்கிறது, என் காதால் கேட்கிறேன், பீ பீ. பிறகு, "ஏய், ஏய், நிப்பாட்டு, நிப்பாட்டு!" என்று கூச்சல். நான் ஒரு விசில் அடித்ததும் குதித்ததும் தெரியும். தார் ரோட்டில் ஒரு கால், அது வளையக் கூடாத பக்கம் வளைந்து கிடந்தது, பச்சைச் சேலைக் கரை, ஒரு டிபன் தூக்கு உருண்டு வாய் திறந்து கிடந்தது. ஆனால் பாஸ்காரனுக்கும் பீ பீ-க்கும் நடுவில் என்ன? பார்த்தேனா? பார்த்தேன் என்று சொல்லலாம், ஏனென்றால் படியைப் பார்க்கிற காட்சி தலைக்குள் இருக்கிறது. ஆயிரம் இருக்கிறது. மழையில் பார்க்கிறேன், வெயிலில் பார்க்கிறேன், படிக்கம்பியைப் பிடித்த வளையல் கை, இறங்கும் கால், மறையும் தலை. அதில் எது அந்த வியாழக்கிழமை? ஒரு நாளைக்கு எட்டு நடை, நடைக்கு இருபத்தாறு ஸ்டாப், இருபத்திரண்டு வருஷம். எல்லாப் படியும் ஒரே படி. அதில் ஒரு காட்சியை எடுத்து, இதோ இதுதான் என்று மேலாளர் மேஜையில் வைத்தால் அது பொய்யா, நிஜமா? எனக்கே சொல்லத் தெரியாது. பொய் சொல்கிறவனுக்காவது பொய் என்று தெரியும்.

அந்த அம்மா பேர் இருளாயி. பால்வாடியில் ஆயா வேலை, ஐம்பத்தேழு வயது. இதெல்லாம் குற்றச்சாட்டுக் குறிப்பாணையைப் படித்துத் தெரிந்துகொண்டது. என் வண்டியில்தான் தினமும் வருமாம். காலை எட்டு நாற்பதில் பெண்கள் மட்டுமே ஐம்பது பேர் இருப்பார்கள், எல்லோருக்கும் இலவசச் சீட்டு, மிஷின் பாட்டுக்குத் துப்பும், நான் பாட்டுக்குக் கிழித்து நீட்டுவேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்கலாம் என்று முதல் வாரமே கிளம்பினேன், சாத்துக்குடிகூட வாங்கிவிட்டேன். சங்கத்துச் செயலாளர் போனிலேயே குதித்தார். "அறிவு இருக்கா சோண? போய்ப் பாத்தா தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். விசாரண முடியிற வரைக்கும் அந்தப் பக்கமே தலவச்சுப் படுக்காத." சாத்துக்குடியை வீட்டில் பிழிந்து குடித்தோம். செயலாளரே ஒரு தாளில் டைப் அடித்தும் கொடுத்துவிட்டார், பயணி முழுவதுமாக இறங்கியதைப் பார்த்த பிறகே இரண்டு விசில் கொடுத்தேன், கீழே என் பேர், கையெழுத்துக்கு ஒரு கோடு. நேற்று சாயங்காலம் அந்தக் கோட்டையே அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் நான்காய்க் கிழித்து அடுப்படிக் குப்பையில் போட்டேன். வீரம் எல்லாம் இல்லை. கையெழுத்துப் போட்டாலும் பயம், போடாவிட்டாலும் பயம், கிழித்தால் அந்தத் தாளையாவது பார்க்க வேண்டாம். இல்லை என்று ஒரு தாள் எழுதவும் எனக்குத் துணிவில்லை. அதுவும் தெரியாதே.

கிழித்ததை என் மனைவி பாண்டீஸ்வரி பார்த்துவிட்டு அடுப்பு வேலைக்குத் திரும்பினாள். அவள் இப்போதெல்லாம் என்னை ஒரு மாதிரி ஓரக்கண்ணால்தான் பார்க்கிறாள். காரணம் அந்தக் குழம்பு. வகுப்பு முடிந்த அன்று, ஒவ்வொரு கவளத்தையும் உணர்ந்து சாப்பிடுங்கள் என்று சொன்னார்களே என்று, கண்ணை மூடி, கத்தரிக்காய்க் குழம்பை மெல்ல மென்றேன். இருபத்தொன்பது தடவை. கண்ணைத் திறந்தால் எதிரில் கரண்டியோடு நிற்கிறாள். "என்ன, உப்பு கூடிருச்சா?" இல்லை என்றேன். "புளி பத்தலையா?" நல்லா இருக்கு என்றேன். அவ்வளவுதான், அவள் முகம் போன போக்கு. இருபது வருஷத்தில் ஒரு நாளும் நல்லா இருக்கு என்று சொல்லாதவன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் அவள் என்ன நினைப்பாள்? "நெஞ்சு வலிக்குதா? மறைக்காமச் சொல்லுங்க" என்று தண்ணீரைக் கொண்டுவந்தாள். பயிற்சி என்று விளக்கினேன். கேட்டுவிட்டு, "அப்ப இத்தன வருசமா எதத் தின்னீங்க?" என்றாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. எதைத் தின்றேன்? அதுவும் ஞாபகமில்லை. டிப்போவிலிருந்து வீட்டுக்கு டிவிஎஸ் ஐம்பதில் போகிறேன், நடுவில் மூன்று சிக்னல், வீட்டு வாசலில் ஸ்டாண்டு போடும்போது யோசித்தால் ஒரு சிக்னல்கூட ஞாபகத்தில் இல்லை, சிவப்பா பச்சையா, நின்றேனா வந்தேனா. ஏதோ ஒன்று என்னை ஓட்டிக்கொண்டு வந்து சேர்த்துவிடுகிறது. அது நல்ல டிரைவர்தான், இத்தனை நாள் விட்டுக்கொடுக்கவில்லை, ஆனால் அது யார்? நான் இல்லாதபோது டிக்கெட் கொடுப்பதும் சில்லறை கொடுப்பதும் உள்ள தள்ளி நில்லுங்க என்று கத்துவதும் அதுதான் என்றால், அன்றைக்கு விசில் அடித்ததும் அதுதானே? அதைக் கூப்பிட்டு விசாரிக்கச் சொல்லுங்கள் மேலாளர் அய்யா, மூன்று மணிக்கு நான் எதற்கு? இது ஏதாவது வியாதியா? தலையைப் படம் எடுத்துப் பார்க்கச் சொல்வார்களா? எடுத்தால் உள்ளே யாரும் இல்லை என்று வந்தால்?

எலும்பு ஆஸ்பத்திரி ஸ்டாப். மணி ஒன்று நாற்பத்திரண்டு. இங்கே ஏறுகிறவர்களில் பாதிப் பேர் கட்டோடும் கம்போடும்தான் ஏறுவார்கள், வண்டி நின்று கிளம்ப நேரமாகும், தவமணி அண்ணன் இந்த ஸ்டாப் வந்தாலே ஸ்டீயரிங்கைத் தட்ட ஆரம்பித்துவிடுவார். தட்டட்டும். இந்த ஒரு ஸ்டாப்பையாவது ஒழுங்காகச் செய்வது என்று முடிவு செய்தேன். முழுசாக இங்கே இருப்பேன். பின்படியில் ஒரு வயசான அம்மா, தனியாக, நாலு கால் வைத்த ஊன்றுகோல். சாதாரணமாக என்றால் சீக்கிரம் ஏறுங்கம்மா என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு மிஷினைப் பார்த்திருப்பேன். இன்றைக்கு இறங்கினேன். பார்த்தேன், ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஊன்றுகோலின் நாலு ரப்பரில் ஒன்று தேய்ந்திருக்கிறது. வலது செருப்பு புதுசு, இடது செருப்பில் வார் அறுந்து ஊக்கு குத்தியிருக்கிறது. முழங்கை எலும்பு துருத்தியிருக்கிறது. கணுக்காலில் வீக்கம். முதலில் கோலை வாங்கி மேலே வைத்தேன். "கம்பியப் பிடிங்கம்மா. நல்ல கால மொதல்ல வைங்க. அவசரமே இல்ல." நல்ல கால் ஏறியது. தெரிகிறது. மற்ற கால் ஏறியது. தெரிகிறது. "ரைட் போப்பா, விடிஞ்சுரும்" என்று உள்ளேயிருந்து ஒருவர். எரிச்சல் வருகிறது, வருகிறது என்று தெரிகிறது, அதைக் கடந்து போக விடுகிறேன், அட, இது வேலை செய்கிறது! அந்த அம்மா என் தோளில் கை ஊன்றி மேலே வந்து, மூச்சு வாங்கி, "நல்லாயிருக்கீங்களா தம்பி?" என்றார். இருக்கேம்மா என்றேன். பின்சீட்டில் இருந்த வாலிபனை எழுப்பி அவரை உட்காரவைத்து, கோலை அவர் கைக்கு எட்டுகிற மாதிரி சாய்த்து, திரும்பிப் படியைப் பார்த்து, காலியாக இருக்கிறது என்று வாய்விட்டே சொல்லி, அதற்குப் பிறகு பீ பீ. இருபத்திரண்டு வருஷத்தில் நான் கொடுத்த மிகச் சரியான விசில் அதுதான் என்று நினைத்தேன். ஹேமலதா மேடம் பார்த்திருந்தால் மணியை எடுத்து அடித்திருப்பார்.

டிக்கெட் எங்கே போக என்று கேட்டேன், டிப்போ ஸ்டாப் என்றார். கிழித்துக் கையில் வைத்து, விரலை மடக்கியும் விட்டேன். ஏதோ பேசிக்கொண்டே வந்தார், நான் போகிறபோதும் வருகிறபோதும். வெயிலைப் பற்றி. பிசியோதெரபிக்காரப் பொண்ணு முட்டியை முறுக்குகிறதைப் பற்றி. "இந்த ரூட்லயே விட்டுட்டாங்களா உங்கள? நல்லதாப் போச்சு." ஆமாம்மா என்றேன். இந்த ரூட்டில் என்னைத் தெரியாதவர்கள் யார், எத்தனை பேர் இப்படி விசாரிப்பார்கள், நானும் பதில் சொல்வேன். குரலின் நடுக்கத்தைக் கவனித்தேன். பேசும்போது கட்டைவிரலால் டிக்கெட்டைத் தடவிக்கொண்டே இருப்பதைக் கவனித்தேன். பள்ளம் வந்தபோது இடுப்பில் கை போவதைக் கவனித்து, தவமணி அண்ணனுக்குக் குரல் கொடுத்தேன், "அண்ணே, மெதுவா, பின்னால பேஷன்ட் இருக்காங்க!" நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி இறங்கியது, மூன்று மாதத்தில் இன்றுதான். இப்படி இருக்கிறவன் அன்றைக்கு மட்டும் பார்க்காமலா இருந்திருப்பான்? பார்த்திருப்பான். பார்த்திருப்பேன். மூன்று மணிக்கு நிமிர்ந்து நின்று, பார்த்தேன் சார் என்று சொல்லலாம். சொல்லிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போய், பாண்டீஸ்வரியிடம் குழம்பு எப்படி இருக்கிறது என்று கண்ணைத் திறந்துகொண்டே சொல்லலாம். மீதி ஸ்டாப்புகள் எல்லாம் லேசாகக் கடந்து போயின, கருவாட்டு வாடைகூட எங்கோ இறங்கிப் போயிருந்தது.

டிப்போ ஸ்டாப். இரண்டு பதிமூன்று. நான் முதலில் இறங்கி அந்த அம்மாவுக்குக் கை கொடுத்தேன். கோல், கால், அடுத்த கால், தரை. இரண்டு பாதமும் தரையில் இருப்பதை நன்றாகப் பார்த்தேன். அடுத்த டூட்டிக் கண்டக்டர் ஏறிக்கொண்டார். தவமணி அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே முன்னாலிருந்து வந்தவர், அப்படியே நின்றார். "அட, இருளாயிக்கா! நீங்களா பேஷன்ட்டு? நம்ம வண்டியிலயா வந்தீங்க? என்னக்கா, இப்படிப் பாதியா எளச்சுட்டீங்க!"

அந்த அம்மா சிரித்தார். "ஆமாய்யா. தம்பிதான் கையப் பிடிச்சு ஏத்தி விட்டாரு. அவருகூடப் பேசிக்கிட்டேதான் வந்தேன்." பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "நீங்க ஒண்ணும் வெசனப்படாதீங்க தம்பி. ஒங்களுக்காகத்தான் வந்துருக்கேன். மேனேஜர்ட்ட நான் சொல்லிப்புடுறேன். அன்னைக்கு நீங்க என்னையப் பாத்தீங்க. எம் மொகத்தப் பாத்துட்டுத்தான் விசில் அடிச்சீங்க. நாந்தான் மறந்துட்ட சாப்பாட்டுத் தூக்க எடுக்கத் திரும்பி ஏறுனேன். கண்டக்டர் பாக்கலன்னு எவன் சொன்னாலும் நான் ஒத்துக்க மாட்டேன்."

தவமணி அண்ணன் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "முடிஞ்சுதுடா சோண! அக்கா வாயாலயே வந்துருச்சு, இனி எவன் என்ன பேசுவான்?" முடிந்துவிட்டது. பார்த்திருக்கிறேன். மூன்று மாதமாகத் தேடியது கிடைத்துவிட்டது, சாட்சியோடு. முகத்தைப் பார்த்தேனாம். எனக்குச் சந்தோஷம் வர வேண்டும், அதற்காகக் காத்துக்கொண்டு நின்றேன், வரவில்லை. அரைமணி நேரமாக இந்த முகத்தைத்தானே பார்த்துக்கொண்டு வந்தேன். ஊக்கு தெரிந்தது, ரப்பர் தெரிந்தது, கணுக்கால் வீக்கம் தெரிந்தது. உள்ளே போய் ஆமாம் சார் என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும், அதுவும் பொய்யில்லை. இந்த அம்மா மேல் எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் வருகிறது? மன்னிக்க வருகிறவர் நல்லாயிருக்கீங்களா என்று கேட்டு ஏறக் கூடாது, நான்தான்டா இருளாயி என்று சொல்லி ஏறியிருக்க வேண்டும். இல்லை. அவர் ஏன் சொல்ல வேண்டும்?

"அம்மா" என்றேன். "நீங்க யாருன்னு எனக்கு இப்ப, அண்ணன் சொல்லித்தாம்மா தெரியும்."

"வெளாடாதீங்க தம்பி. கையப் பிடிச்சு ஏத்துனீங்களே."

"யாரா இருந்தாலும் ஏத்திருப்பேம்மா. கோல் ஊன்டுற ஒரு ஆளுன்னுதான் ஏத்துனேன்."

"சோண, வாய மூடு" என்றார் தவமணி அண்ணன்.

சிரிப்பு அந்த அம்மா முகத்தில் இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது, அதை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. என்னையே பார்த்தார். "அப்ப அன்னைக்கு?" என்றார்.

"அன்னைக்கும் இப்படித்தாம்மா பாத்திருப்பேன்."

"பதினோரு வருசம்ப்பா" என்றார் இருளாயி அம்மாள். "மழை, வெயிலு, எம் மகன் செத்த மறுவாரம்கூட உன் வண்டியிலதான வந்தேன். தெனம் என் கையிலதான டிக்கெட்டக் குடுத்த." என் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டு, ஊன்றுகோலைத் திருப்பி வைத்து, டிப்போ கேட்டைப் பார்த்து நடந்தார். கூட வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். கேட்டிலிருந்து மேலாளர் அறைக்கு ஐம்பது அடி இருக்கும், அதை அவர் நடந்து முடிக்கப் பத்து நிமிஷம் ஆனது. தவமணி அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். நான் வெயிலிலேயே நின்றேன். உள்ளே அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியாது, என்னிடம் கேட்டால், கண் பட்டிருக்கும் சார், ஆளைப் பார்க்கவில்லை என்று சொல்வேன் என்பது மட்டும் தெரிந்திருந்தது.